155 தமிழர் கரைசேர்ந்த அத்திலாந்திக் கரை: நியூபவுண்ட்லாந்துக்குப் போவோருக்கு

நெளுக்குளத்தில் குளம் உண்டு, வயல் உண்டு, கடல் இல்லை. கடலைப் பார்க்க மேற்கே மன்னாருக்கோ வடகிழக்கே முல்லைத்தீவுக்கோ போகவேண்டும். ஆனால் வன்னியின் மற்ற ஊர்களைப் போல இங்கும் கனடாவில் உறவுள்ள வீடுகள் உண்டு. பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் ரொறன்ரோவையும் நயாகராவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கனடாவின் கிழக்கு முனையில் எங்கள் கதையோடு கலந்த ஒரு கரை இருப்பது பலருக்குத் தெரியாது.

1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி, நியூபவுண்ட்லாந்துத் தீவின் தென்கிழக்கே, சென் ஷொட்ஸ் என்ற மீன்பிடிக் கிராமத்துக்கு அப்பால், மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகள் அலைந்துகொண்டிருந்தன. அவற்றில் 155 ஈழத்தமிழர்கள் இருந்தார்கள். மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பலில் ஏற்றிவந்தவர்கள் அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். முதலில் கண்டவர் கஸ் டோல்ரன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர். அவரும் மற்றப் படகுக்காரரும் அவர்களைக் காப்பாற்றினார்கள்.

எப்படிப் போவது

ரொறன்ரோவிலிருந்து சென் ஜோன்ஸ் நகருக்கு விமானத்தில் ஏறக்குறைய மூன்று மணித்தியாலம். ஜூன் முதல் செப்ரெம்பர் வரை நல்ல காலம். கோடையிலும் குளிரங்கியும் மழையங்கியும் வேண்டும். நகரை விட்டுத் தெற்கே போக வாடகைக் கார் தேவை. இரவில் ஓடவேண்டாம். மூஸ் எனப்படும் பெரிய மான்கள் திடீரென்று வீதிக்கு வரும். வழியில் எரிபொருள் நிலையங்கள் குறைவு, நகரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

அங்குள்ள நேரமும் எங்களுடையதைப் போல அரை மணிக் கணக்கில்தான் ஓடுகிறது. கோடையில் இலங்கை நேரத்துக்குச் சரியாக எட்டு மணித்தியாலம் பிந்தியது.

கரையோர வீதி

சென் ஜோன்ஸிலிருந்து தெற்கே போகும் 10ஆம் இலக்க வீதி கடலை ஒட்டிச் செல்கிறது. முதலில் விற்லெஸ் குடாவில் நிறுத்தலாம். அங்குள்ள தீவுகளில் கோடையில் இலட்சக்கணக்கான பஃபின் பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. படகில் போய்ப் பார்க்கலாம். கப்லின் என்ற சிறு மீன் ஜூன், ஜூலையில் முட்டையிடக் கரைக்குக் கூட்டமாக வரும்போது, அதைத் தின்னத் திமிங்கிலங்களும் வரும். சென் வின்சென்ற்ஸ் கடற்கரையில் நின்றே திமிங்கிலத்தைப் பார்க்க முடியும்.

ட்ரெபஸி ஊருக்கு முன்பாக மிஸ்ரேக்கன் முனை இருக்கிறது. அங்குள்ள பாறைகளில் ஏறக்குறைய 56 கோடி ஆண்டுகளுக்கு முந்திய உயிர்களின் பதிவுகள் உண்டு. 2016இல் யுனெஸ்கோ இதை உலக மரபிடமாக அறிவித்தது. வழிகாட்டியோடுதான் போகலாம். பக்கத்திலுள்ள கேப் ரேஸ் வெளிச்சவீட்டின் தந்தி நிலையம் 1912இல் டைட்டானிக் அனுப்பிய அபாயச் செய்தியைப் பெற்ற இடம்.

அதற்கும் அப்பால் சென் ஷொட்ஸ். இன்று அங்கே வாழ்பவர்கள் நூறு பேருக்கும் குறைவு. வடக்கிலிருந்து வரும் குளிர் நீரோட்டமும் தெற்கிலிருந்து வரும் சூடான நீரோட்டமும் இந்தக் கடலில் சந்திப்பதால் பனி மூடிவிடும். எதிரே வரும் வாகனமே தெரியாது. அந்த இடத்தில் நின்றால், திறந்த படகுக்குள் நெருக்கிப்பிடித்து இருந்தவர்களின் நிலை கொஞ்சம் விளங்கும்.

சாப்பாடு

இந்தத் தீவை வளர்த்தது கொட் என்ற மீன். பிளந்து, உப்பிட்டு, மரத்தட்டுகளில் காயவைப்பார்கள். கருவாடு தெரிந்த எங்களுக்கு இது புதிதல்ல. உப்பு மீனையும் ஊறவைத்த கடினமான பிஸ்கட்டையும் சேர்த்து, பொரித்த பன்றிக்கொழுப்பைத் தூவிச் சாப்பிடுவது பழைய உணவு. ஞாயிறுகளில் உப்பு மாட்டிறைச்சி, கோவா, உருளைக்கிழங்கு, கரட் எல்லாவற்றையும் ஒரே பானையில் அவிப்பார்கள். பட்டாணிப் பருப்பையும் துணிப்பையில் கட்டி அதே பானைக்குள் போடுவார்கள். காலையில் பாண் மாவைப் பொரித்து, கருப்பஞ்சாற்றுப் பாகு ஊற்றித் தருவார்கள். உறைப்பை மட்டும் எதிர்பார்க்கவேண்டாம்.

பாட்டு

அயர்லாந்திலிருந்தும் தென்மேற்கு இங்கிலாந்திலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள் இவர்கள். வயலினும் அக்கோடியனும் வீட்டுக் குசினியிலேயே ஒலிக்கும். விளக்குமாற்றுத் தடியில் பழைய சப்பாத்தையும் சோடாப் போத்தல் மூடிகளையும் பொருத்தித் தாளம் தட்டுவார்கள். மூழ்கிய படகுகளையும் திரும்பி வராதவர்களையும் பற்றிய பாட்டுகள் நிறைய உண்டு.

அவர்கள் இழந்தது

1954 முதல் 1975 வரை, வசதிகளைக் காட்டி அரசு நடத்திய மீள்குடியேற்றத் திட்டத்தில் ஏறக்குறைய 300 ஊர்கள் வெறுமையாகின. சிலர் வீட்டையே கடலில் மிதக்கவிட்டு இழுத்துச் சென்றார்கள். பிறகு 1992 ஜூலை 2இல், மீன்வளம் அழிந்ததால் கொட் பிடிப்பது நிறுத்தப்பட்டது. சுமார் 30,000 பேர் தொழில் இழந்தார்கள். 2024இல்தான் அந்தத் தடை நீக்கப்பட்டது. குண்டுக்குத் தப்பி ஓடிய எங்கள் இடப்பெயர்வும் இதுவும் ஒன்றல்ல. ஆனால் ஊரைப் பூட்டிவிட்டுப் போவது என்னவென்று அங்குள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

ஏன் போகவேண்டும்

1986இல் கரைசேர்ந்தவர்களை சென் ஜோன்ஸில் பல்கலைக்கழக விடுதியில் தங்கவைத்தார்கள், பின்னர் தங்கியிருக்க அனுமதி கொடுத்தார்கள். ஜேர்மனியிலிருந்து வந்தது தெரிந்தபின் நாட்டில் எதிர்ப்பும் எழுந்தது. 2010இல் சன் சீ கப்பலில் 492 பேர் பசுபிக் கரைக்கு வந்தபோது அவர்கள் தடுப்புக்காவலுக்கே கொண்டுபோகப்பட்டார்கள். ஒரே நாடு, இரண்டு கரைகள், இரண்டு வரவேற்புகள். டோல்ரனும் அவரோடு நின்றவர்களும் கடவுச்சீட்டைக் கேட்கவில்லை. கடலில் ஆள் இருந்தால் தூக்குவதுதான் அவர்களுக்குத் தெரிந்த சட்டம்.

30ஆவது ஆண்டான 2016இல், அன்று வந்தவர்களில் சிலர் திரும்பிப் போய் டோல்ரனைச் சந்தித்தார்கள். அவர்களுக்கும் வயதாகிறது. கனடாவில் வளரும் பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரியாமல் போகக்கூடாது. அடுத்த கோடையில் நயாகராவுக்கு இன்னொருமுறை கூட்டிப்போகக் கேட்டால், இந்தக் கரையைச் சொல்லுங்கள்.