காட்டு அத்தியில் எழுதிய கணக்கு

அத்தி, ஆல், அரசு, இச்சி எல்லாம் ஒரே பேரினம். தாவரவியல்காரங்க ஃபைகஸ்னு சொல்வாங்க. நம்ம ஊர்ல அரசமரத்துக்குப் பிள்ளையார், ஆலமரத்துக்குப் பஞ்சாயத்துன்னு ஒதுக்கிட்டோம். அத்தியைப் 'பூத்தாற்போல'ன்னு சொல்றதோட விட்டாச்சு. இதே பேரினத்துக் காட்டு மரத்தை உரிச்சு, வேகவெச்சு, கல்லால தட்டித் தாளாக்கி, ஒரு பேரரசே வரிக்கணக்கு எழுதியிருக்கு. அந்த மெக்சிகோ கதைதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

அஸ்டெக் மக்களின் நவாட்டில் மொழியில் காகிதத்துக்குப் பெயர் அமாட்ல். ஸ்பானியர் வாயில் அது அமாத்தே ஆகிவிட்டது. இன்றைக்கு அமாத்தே என்றால் மரமும் அதுதான், தாளும் அதுதான். நாம் ஓலைக்கும் புத்தகத்துக்கும் சேர்த்து 'ஏடு' என்கிறோமே, அந்த மாதிரி. ஒரே ஒரு மரமும் இல்லை, பல காட்டு அத்தி வகைகளுக்கு இது பொதுப்பெயர். ஆற்றோரத்தில் ஓங்கி வளர்வது ஃபைகஸ் இன்சிபிடா. பாறையைக் கவ்விக்கொண்டு மஞ்சள் வேரை வழிய விடுவது ஃபைகஸ் பெட்டியோலாரிஸ். (இன்சிபிடாவின் பாலைக் குடல்புழுவுக்கு மருந்தாகக் குடிக்கும் வழக்கம் அமேசான் பக்கம் உண்டு. அந்தப் பாலில் உள்ள ஃபிசின் என்ற நொதி புழுவையே செரித்துவிடும். அளவு தப்பினால் குடித்தவருக்கும் ஆபத்து. யாரும் முயற்சி பண்ண வேண்டாம்!)

செய்முறை ரொம்ப எளிது, உழைப்புதான் அதிகம். பட்டையை உரித்து, வெளித்தோலை நீக்கி, உள்பட்டையை மட்டும் எடுக்கணும். சாம்பல் கரைத்த தண்ணீரிலோ, சோளத்தைச் சுண்ணாம்போடு வேகவைத்த தண்ணீரிலோ மணிக்கணக்கில் கொதிக்க விடணும். நார் இளகினதும் கழுவி, பலகை மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போல அடுக்கி, கையளவுக் கல்லால் தட்டிக்கிட்டே இருக்கணும். பசை கிடையாது. நார்கள் தானாகவே ஒன்றோடொன்று பின்னிக் கலந்து தாளாகிவிடும். பலகையோடு வெயிலில் காயவைத்து உரித்தால், பலகையில் ஒட்டியிருந்த பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. நாரைக் கூழாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டுச் சல்லடையில் அள்ளுகிற சீனக் காகித முறை இது இல்லை. நம் புராணங்களில் காட்டுக்குப் போகிறவர்கள் உடுத்தும் மரவுரிக்குத்தான் இது நெருங்கின சொந்தம்.

மாயா மக்கள் இந்தத் தாளின் மேல் வெள்ளைச் சுண்ணப் பூச்சு பூசி, விசிறி மாதிரி மடித்து, இரண்டு பக்கமும் எழுதினார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருக்கும் ஏட்டுக்கு 39 மடிப்புகள், விரித்தால் சுமார் மூன்றரை மீட்டர். வெள்ளிக் கிரகம் எப்போது தோன்றும், எப்போது மறையும், கிரகணம் எந்த நாட்களில் வரக்கூடும் என்றெல்லாம் அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். அத்திப்பட்டை மேல!

அஸ்டெக் ஆட்சியில் காகிதம் வரியாகவே வசூலானது. 1541ஐ ஒட்டி எழுதப்பட்ட மெண்டோசா ஏட்டில் எந்த ஊர் என்ன கட்டணும் என்று படமாகவே இருக்கு. அதை வைத்து, வருஷத்துக்கு சுமார் 4,80,000 தாள் தலைநகருக்குப் போனதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களுடைய எண்முறை இருபது இருபதாக ஏறும். கொடி வரைந்தால் 20, இறகு மாதிரி வரைந்தால் 400, பை வரைந்தால் 8,000. ஆக, அறுபது பை காகிதம். இவ்வளவும் எழுதறதுக்கு மட்டும் இல்லை. சாமிச் சிலைகளுக்குக் காகிதத்தில்தான் உடுப்பு, கிரீடம். தாளில் ரப்பர் பாலைத் தெளித்து மழைத் தெய்வத்துக்குப் படையல் வைப்பார்கள்.

வினையே இங்கேதான். ஸ்பெயின் பாதிரியார்களுக்கு இந்தக் காகிதம் ஒரு எழுதுபொருளாகவே தெரியவில்லை, சாத்தானின் சாமானாகத் தெரிந்தது. 1562 ஜூலை 12ஆம் தேதி யுகட்டானில் மானி என்ற ஊரில் தியேகோ தெ லாந்தா என்ற பாதிரியார், மாயா ஏடுகளைக் குவித்து வைத்துக் கொளுத்தினார். இன்று உலகத்தில் மிஞ்சியிருக்கும் மாயா ஏடுகள் நாலே நாலு. நாலாவது போலி என்று ரொம்ப காலம் சந்தேகப்பட்டு, 2018ல்தான் மெக்சிகோ அரசு நிறுவனம் அசல் என்று உறுதி செய்தது. மேலே சொன்ன டிரெஸ்டன் ஏடும் இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சில் தண்ணீர் புகுந்து பாழாகி, மயிரிழையில் தப்பினதுதான். வேடிக்கை என்னன்னா, அதே லாந்தா எழுதி வைத்த குறிப்பில் மாயா எழுத்து பற்றிய ஒரு பட்டியல் இருந்தது. 1952ல் யூரி க்னோரோசோவ் என்ற ரஷ்யர் அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டுதான் எழுத்தைப் படிக்கும் வழியைத் திறந்தார். கொளுத்தின கையே சாவியையும் விட்டுவிட்டுப் போயிருக்கு. இதுக்காக லாந்தாவை மன்னிக்கலாம்னு சிலர் சொல்வாங்க. எனக்கு மனசு வரலை.

ஆனால் எரிந்தது மட்டுமே கதை இல்லை. வெஹோட்சிங்கோ என்ற ஊர் மக்கள், தங்களிடம் அளவுக்கு மீறி வரி பிடுங்கினார்கள் என்று ஸ்பானிய அதிகாரிகள் மேல் வழக்குப் போட்டார்கள். 1531ல் அவர்கள் தாக்கல் செய்த சாட்சியம் எட்டுத் தாள். அத்திப்பட்டைத் தாளும் கற்றாழை நார்த் தாளும் கலந்தது. என்னென்ன கொடுத்தோம், எத்தனை கொடுத்தோம் என்று பழைய முறையிலேயே வரைந்து வைத்திருந்தார்கள். 1538ல் ஸ்பெயின் மன்னர் சார்லஸ், வாங்கினதில் மூன்றில் இரண்டு பங்கைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அந்த எட்டுத் தாளும் இப்போ அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கு. எனக்கு இந்த மொத்த வரலாற்றிலும் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். தோற்றுப்போன ஊர், தன் மரப்பட்டையை நீட்டி, ஜெயித்தவனிடமே கணக்குக் கேட்டிருக்கு.

அப்புறம் ஐரோப்பியக் காகிதம் கப்பலில் வர ஆரம்பித்தது. 1570களில் மன்னரின் வைத்தியர் பிரான்சிஸ்கோ எர்னாந்தெஸ் தெப்போஸ்த்லான் ஊரில் பெருங்கூட்டமாக உட்கார்ந்து தாள் தட்டுகிறவர்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சத்தம் ஊர் ஊராக அடங்கிவிட்டது. எழுதத் தெரிந்தவர்கள் போய்விட்டார்கள், எழுதப்பட்டதும் போய்விட்டது.

பிறகு இந்தத் தொழிலைக் காப்பாற்றியது யார்? மந்திரவாதிகள்!

புயெப்லா மாநிலத்தின் வடக்கு மலையில் சான் பாப்லித்தோ என்று ஒட்டோமி மக்களின் கிராமம். போக்குவரத்துக்குக் கஷ்டமான இடம், அதனால் பாதிரியாரின் கண்ணும் குறைவு. அங்கே நோய் தீர்க்கிறவர்களும் விதைப்புச் சடங்கு செய்கிறவர்களும் அமாத்தே தாளை மடித்து உருவம் வெட்டுவார்கள். கையைத் தூக்கி நிற்கும் மக்காச்சோள ஆவி, மொச்சை ஆவி, மிளகாய் ஆவி. நல்ல காரியத்துக்கு வெளிர் தாள், கெட்டதுக்குக் கருந்தாள். 1900ஐ ஒட்டி பிரெடெரிக் ஸ்டார் என்ற அமெரிக்க மானிடவியலாளர் அந்த மலைப்பக்கம் போனபோது தாள் தட்டுவது உயிரோடு இருந்தது. எந்த மூடநம்பிக்கைக்குப் பயந்து காகிதத்தையே ஒழிக்கப் பார்த்தார்களோ, அதே நம்பிக்கைதான் முந்நூறு வருஷத்துக்கு மேல் அதைக் கட்டிக் காத்திருக்கு. பகுத்தறிவு பேசும் நண்பர்கள் கோபிக்க வேண்டாம், நடந்தது அப்படி.

1960களில் கதை மறுபடி திரும்பியது. குவெரேரோ மாநிலத்து நவா மக்கள் பரம்பரையாக மண்பாண்டத்தில் படம் வரைகிறவர்கள். பானை கனம், வழியில் உடையும். அதே பூவையும் பறவையையும் அமாத்தேயில் வரைந்தால் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போகலாம். சுற்றுலாப் பயணிகள் வாங்கித் தள்ளினார்கள். மந்திரத்துக்கு நாலு தாள் தட்டின கிராமம், சந்தைக்கு ஆயிரக்கணக்கில் தட்ட வேண்டி வந்தது. ஒட்டோமி தட்டுவார், நவா வரைவார்.

இவ்வளவு பட்டைக்கு மரம் எங்கே போகும்? சரியான பருவத்தில், முதிர்ந்த கிளையில் அளவாக உரித்தால் மரம் பிழைக்கும். சந்தைக்குப் பருவம் ஏது? இளமரமும் விடாமல் உரித்தார்கள், சுற்றுவட்டாரத்தில் காட்டு அத்தி அருகிப்போய், பட்டை எடுக்க வெகுதூரம் போக வேண்டியதாயிற்று. 1980களில் இருந்து ஹொனோத்தே என்ற வேறு மரத்துக்கு மாறினார்கள். சீக்கிரம் வளரும், காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்பது. ஆனால் அதன் நார் முரடு. சாம்பல் தண்ணிக்கெல்லாம் மசியாது. காஸ்டிக் சோடா போட்டு வேகவைக்கிறார்கள், கையும் எரியுது, கழிவு ஓடைக்கும் போகுது. விற்கும்போது மட்டும் அதுக்கும் பெயர் அமாத்தேதான்.