கண்ணாடிப் பேழையும் பச்சைத் தவளையும்

மனிதன் கையாளும் பொருள்களுள் சில, பார்வைக்கு மிக எளியனவாயினும், வரலாற்றில் பெரும் மாறுதல்களை விளைத்தவையாகும். வீட்டு மூலையில் செடியும் தவளையும் வைத்து வளர்க்கும் கண்ணாடிப் பெட்டி அத்தகையது. சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளில், பழைய மீன் தொட்டியொன்றைத் திருத்தித் தவளைக்கு இல்லம் அமைக்கும் சிறுவன், தன் கையிலுள்ள பொருளுக்கும் தன் முன்னோர் மலாயாவுக்குக் கப்பலேறியதற்கும் தொடர்புண்டு என்று எண்ணியிருக்கமாட்டான். அத்தொடர்பை எடுத்துக்காட்டி, குறைந்த செலவில் அப்பெட்டியை அமைக்கும் முறையையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குப்பியில் முளைத்த செடி

லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில், துறைமுகத்தை அடுத்த வெல்குளோஸ் சதுக்கத்தில், நதானியேல் பாக்ஷா வார்டு என்னும் மருத்துவர் வாழ்ந்துவந்தார். செடிகளிடத்தே பெருவிருப்பம் கொண்டவர். ஆயினும் அந்நகரின் நிலக்கரிப் புகையில் அவர் ஆசையுடன் நட்ட பன்னங்கள் யாவும் பட்டுப்போயின. 1829 ஆம் ஆண்டில், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவொன்றை ஈரமண்ணில் புதைத்து, அகன்ற கண்ணாடிக் குப்பியில் இட்டு மூடிவைத்தார். பூச்சி வெளிவருவதைக் காணும் நோக்கத்துடனேயே அவர் அவ்வாறு செய்தார். அவர் எதிர்பாராத வண்ணம் அம்மண்ணிலிருந்து ஒரு பன்னமும் சிறிது புல்லும் முளைத்தெழுந்தன.

பகலில் மண்ணின் ஈரம் ஆவியாக மேலெழுந்து கண்ணாடியிற் படிந்தது. பின்னர்த் துளித்துளியாக வழிந்து மண்ணையே அடைந்தது. நீர் வெளியேறவில்லை, புகை உட்புகவில்லை. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஒருவரும் நீர் ஊற்றாமலே அச்செடிகள் வாழ்ந்தன. இதன் பயனை வார்டு உடனே உணர்ந்தார். உப்புக்காற்றாலும் நன்னீர்ப் பஞ்சத்தாலும் கப்பலில் மடிந்துவந்த செடிகளை இம்முறையில் காக்கலாமன்றோ? 1833 ஆம் ஆண்டில் இரு கண்ணாடிப் பேழைகளில் செடிகளை வைத்து ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்கு அனுப்பினார். மாதக்கணக்கில் கப்பல் தளத்தின்மீது இருந்தும் அவை பசுமையோடு போய்ச் சேர்ந்தன. அங்கிருந்து செடிகளை ஏற்றித் திரும்பிய பேழைகளும் நலமே வந்தடைந்தன. 1842 இல் தம் ஆராய்ச்சியை அவர் நூலாக வெளியிட்டார்.

எனினும் அந்நாளில் கண்ணாடி ஏழைக்கு எட்டாத பொருள். பிரிட்டனில் 1746 முதல் கண்ணாடிக்கு எடையளவில் வரி விதிக்கப்பட்டிருந்தது. அவ்வரி 1845 இல் நீக்கப்பட்ட பின்னரே விலை இறங்கிற்று. 1851 ஆம் ஆண்டில் லண்டனில் எழுந்த பளிங்கு மாளிகைக் கண்காட்சி, மலிந்துபோன கண்ணாடியின் வெற்றிவிழா எனலாம்.

பேழை ஏறிவந்த மரம்

வார்டின் பேழை பேரரசின் கருவியாயிற்று. ராபர்ட் பார்ச்சூன் 1848 க்கும் 1851 க்கும் இடையே சீனத்துத் தேயிலைச் செடிகளை இதில்தான் இந்தியாவிற்கு அனுப்பினார். காய்ச்சல் மருந்தான கொய்னாவைத் தரும் சின்கோனாவின் நாற்றுகளும் இத்தகைய பேழைகளில் 1861 இல் நீலகிரியை அடைந்தன.

ஆயினும் நம்மவர் வாழ்வை மாற்றிய செடி ரப்பரேயாகும். 1876 இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனை அடுத்த கியூ தோட்டத்திற்குக் கொண்டுவந்தார். முளைத்தவை இரண்டாயிரத்துச் சொச்சமே. அவற்றுள் பெரும்பகுதி, ஏறத்தாழ 1,900 நாற்றுகள், 38 பேழைகளில் இலங்கைக்குச் சென்றன. சிங்கப்பூருக்கு அனுப்பிய முதல் தொகுதி பிழைக்கவில்லை. 1877 இல் வந்த 22 நாற்றுகள் பிழைத்தன. அவற்றுள் பாதி இங்குள்ள பூமலையில், அதாவது தாவரவியல் தோட்டத்தில் நடப்பட்டன. சில கோலகங்சார் சென்றன.

1888 இல் அத்தோட்டத்தின் தலைமையேற்ற ஹென்றி ரிட்லி, மரத்திற்குக் கேடின்றிப் பால் எடுக்கும் வெட்டுமுறையை வகுத்தார். தோட்டக்காரர்களை இம்மரம் நடுமாறு ஓயாது வற்புறுத்தியமையால் ‘பித்தர் ரிட்லி’ என்ற பெயரும் பெற்றார். 1896 இல் மலாக்காவில் டான் சே யான் என்னும் சீன வணிகர் அவர் சொல்லை ஏற்று ரப்பர் பயிரிட்டார். மோட்டார் வண்டி பெருகவே மலாயாக் காடுகள் பால்மரத் தோட்டங்களாக மாறின.

தோட்டத்திற்கு ஆள் வேண்டும். கரும்பு, காப்பித் தோட்டங்களுக்கு முன்னரே வந்துகொண்டிருந்த தமிழர், இப்போது கங்காணிகளின் வழியே பல்லாயிரக்கணக்கில் வந்தனர். கப்பற்கூலிக்காக 1907 இல் தமிழர் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. ஒப்பந்தக்கூலி முறை 1910 இல் முடிவுற்றது. இருட்டில் எழுந்து, வரிசை பிடித்துப் பால்வெட்டிய அம்மக்களின் வியர்வையால் 1920 களில் மலாயா உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதியை விளைவித்தது. செடிக்குக் கிட்டிய பாதுகாப்பு மனிதனுக்குக் கிட்டியதா? நாற்றைக் கண்ணாடிக்குள் வைத்து வெயிலும் உப்புக்காற்றும் படாமல் கொண்டுவந்தனர். அந்நாற்றைப் பேண வந்தவனையோ திறந்த கப்பல் தளத்தில் ஏற்றினர். பேழையின் வரலாற்றைக் கூறுவோர் இதனை மறத்தலாகாது.

செடியுடன் உயிரும்

பேழையினுள் செடி வாழுமாயின், நீரில் மீனும் செடியும் ஒன்றையொன்று வாழ்விக்குமன்றோ? ராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர் 1850 இல் இதனைச் சோதித்து மெய்ப்பித்தார். 1853 இல் லண்டன் விலங்கியல் பூங்காவில் முதல் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. சிங்கப்பூரிலும் வான் கிளீப் என்னும் டச்சுக்காரர் விட்டுச்சென்ற செல்வத்தைக் கொண்டு, ரிவர் வேலி சாலையில் 1955 இல் மீன் காட்சியகம் ஒன்று எழுந்தது. இளமையில் அதனைக் கண்டு வியந்தோர் இன்றும் பலர். அக்கட்டடம் 1998 இல் இடிக்கப்பட்டது.

முற்காலத் தொட்டிகள் இரும்புச் சட்டத்தில் மக்குப் பூசிக் கண்ணாடி பதித்தவை; கனமானவை, துருப்பிடிப்பவை. உருகிய வெள்ளீயத்தின்மீது கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுத் தகடாக்கும் முறையைப் பிரிட்டனின் பில்கிங்டன் நிறுவனம் 1959 இல் அறிவித்தது. சிலிக்கோன் பசையும் பரவிற்று. சட்டமின்றிக் கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்டும் தொட்டி மலிவாயிற்று. செல்வரின் கூடத்தில் இருந்த பேழை தொழிலாளியின் வீட்டிற்கும் வந்தது இவ்வாறேயாகும்.

தவளைக்கு இல்லம்

இன்றைய லிட்டில் இந்தியாவின் ஒரு பகுதிக்குக் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம், என்பது பழம்பெயர். சதுப்பும் நீர்க்குட்டையும் நிறைந்திருந்த அவ்விடத்தில் தவளைக்குக் குறைவிருந்திராது. ஆயினும் காட்டிலும் கால்வாயிலும் தவளை பிடித்து வளர்ப்பதற்கு இன்று சட்டம் இடந்தராது. 1965 இல் இயற்றப்பட்டு, 2020 முதல் வனவிலங்குச் சட்டம் எனப் பெயர்பெற்ற சட்டம் அதனைத் தடுக்கின்றது. செல்லப் பிராணியாக வளர்க்க அனுமதி பெற்றவற்றுள் ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை ஒன்று. வாங்குமுன் தேசியப் பூங்காக் கழகத்தின் பட்டியலைப் பார்த்துக்கொள்வது நன்று.

இத்தவளையை ஜான் ஒயிட் என்னும் மருத்துவர் 1790 இல் நூலில் விவரித்தபோது ‘நீலத்தவளை’ என்றே பெயரிட்டார். சாராயத்தில் இட்டுவைத்ததால் அதன் மஞ்சள் நிறமி கரைந்து நீலம் மட்டும் எஞ்சியதே காரணம். வார்டின் பேழை சென்றடைந்த நியூ சவுத் வேல்ஸே இதன் தாயகமாதல் ஓர் இனிய பொருத்தம்.

பேழை அமைக்கும் முறை எளிது. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள பழைய மீன் தொட்டி போதும். அதில் நீர் நிரப்பப்போவதில்லையாதலால், சிறிது கசிவு இருப்பினும் குற்றமில்லை. மரமேறும் தவளைக்கு உயரமே வேண்டும். ஆகவே தொட்டியைச் செங்குத்தாக நிறுத்துக. திறந்த வாய் முன்புறமாகும். அதன் அடியில் நான்கு அங்குலம் கண்ணாடிப் பட்டையை ஒட்டி, மேற்பகுதிக்குத் துருப்பிடியாத வலையடித்த மரச்சட்டத்தைக் கதவாக்குக. பூஞ்சைத் தடுப்பு மருந்து சேராத சிலிக்கோன் பசையே ஏற்றது. வினிகர் போன்ற வாடை முற்றும் நீங்கும்வரை சில நாள் உலரவிடவேண்டும்.

அடியில் கூழாங்கல், அதன்மேல் கரி, அதனைப் போர்த்த வலைத்துணி, மேலே மருந்து கலவாத தேங்காய் நார்த்துகள் என அடுக்குக. மணிபிளாண்டுக் கொடியும் தடித்த கிளையொன்றும் ஏறுவதற்கு உதவும். ஆழமில்லாத நீர்க்கிண்ணம் இன்றியமையாதது. ஏனெனில் தவளை வாயால் நீர் குடிப்பதில்லை, தோலாலேயே உறிஞ்சுகின்றது. இங்குள்ள குழாய்நீரில் குளோராமின் கலந்துள்ளது. ஓரிரவு திறந்துவைப்பதால் அது நீங்காது. அதற்குரிய மருந்தைச் சில துளி விடுதல் வேண்டும்.

இங்கே வார்டின் பேழைக்கும் தவளைப் பேழைக்கும் உள்ள வேறுபாட்டை உணர்தல் அவசியம். அவர் குளிரையும் புகையையும் தடுக்க மூடினார். நம் ஊரிலோ வெப்பமும் ஈரமும் ஆண்டு முழுதும் உண்டு. ஆகையால் வெப்பவிளக்கு வாங்கும் செலவில்லை. ஆனால் முற்றும் மூடிய கண்ணாடி தவளையை வேகவைத்துவிடும். காற்றோட்டமும் நிழலும் இங்கு உயிர்நாடி. கழிவை நாள்தோறும் அகற்றவேண்டும். இல்லையெனில் அதில் எழும் நச்சு தோல்வழியே தவளையின் உடலில் ஏறும்.

பொறுப்பு

பெட்டி மலிவாயினும் கடமை மலிவன்று. பச்சை மரத்தவளை நல்ல பராமரிப்பில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும். பள்ளிச் சிறுவன் வாங்கிய தவளை அவன் வேலைக்குச் செல்லும் காலத்திலும் வீட்டில் இருக்கும். சலிப்புற்றுக் குளக்கரையில் விட்டுவிடுவது சட்டவிரோதம்; அவ்வுயிருக்கும் இந்நாட்டு உயிர்களுக்கும் தீங்கு. பழைய பேழைகளில் செடியோடு சேர்ந்து மண்ணும், மண்ணோடு பூச்சியும் நோயும் கடல் கடந்தன. ஒரு நாட்டு உயிரை மற்றொரு நாட்டிற்குக் கொண்டுவருவோர் அதன் விளைவுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே அவ்வரலாறு தரும் பாடம்.

கண்ணாடி ஒளியை உள்ளே விடும். உள்ளிருப்பதை வெளியே காட்டும். ஆனால் உள்ளிருக்கும் உயிர் தானே கதவைத் திறந்து தன் தேவையை நாடிச் செல்ல இயலாது. உணவும் நீரும் காற்றும் பிறர் கையில் உள்ளன. கண்ணாடிக்குள் வந்த நாற்றின் பின்னே இந்நாடு வந்து வேரூன்றிய மக்களின் வழித்தோன்றல்களுக்கு இவ்வுண்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.