வந்தவருக்கு எங்கே படுக்கை போடுவது?



இந்த வருஷம் ஆனித் திருமஞ்சனத்துக்கு என் பெரியக்கா கும்பகோணத்திலிருந்து வந்து மூன்று இரவு தங்கிவிட்டுப் போனார். இதில் எழுத என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். போன வருஷம் நடந்ததைச் சொன்னால் புரியும்.

அக்காவுக்கு 74 வயது. போன ஆனியில் வந்தபோது வழக்கம்போல் கூடத்தில் பாய் விரித்து, அதன்மேல் இலவம்பஞ்சு மெத்தை போட்டுக் கொடுத்தேன். காலை நாலரைக்கு வாசல் தெளிக்க எழுந்து வந்தால், அக்கா இருட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். "தூக்கம் வரலடி" என்றார். அன்றைக்கே பஸ் ஏறிவிட்டார். இந்த வருஷம் போனில், "காலையில வந்து சாமி பார்த்துட்டு சாயந்திரமே திரும்பிடுறேன்" என்றபோதுதான் விசாரித்தேன். போன வருஷம் இரவு ஒரு மணிக்குப் பாத்ரூம் போக எழ முயன்றிருக்கிறார். தரையிலிருந்து எழ முடியவில்லை. எங்களை எழுப்பக் கூச்சம். சுவர் வரை நகர்ந்துபோய் ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்தவர், மறுபடி படுக்கப் பயந்து விடியும்வரை உட்கார்ந்தே இருந்திருக்கிறார்.

முப்பத்து மூன்று வருஷம் 'விருந்தோம்பல்' அதிகாரத்தை வகுப்பில் நடத்தியவள் நான். என் வீட்டு விருந்தாளி என் கூடத்தில் இரவெல்லாம் விழித்திருந்தது எனக்குத் தெரியவில்லை. அதிலிருந்து விருந்தாளியின் படுக்கையைப் பற்றியே யோசனை. யோசிக்க யோசிக்க, அதற்குள் ஒரு பெரிய சரித்திரமே இருக்கிறது.

பழைய தமிழில் விருந்து என்றால் புதுமை. புதிதாக வந்தவர் விருந்தினர். அப்படி வந்தவருக்குக் கிடைத்த படுக்கைகளில் புகழ்பெற்றது புறநானூற்றின் 50-ஆம் பாட்டில் வருகிறது. புலவர் மோசிகீரனார் நடந்து களைத்துச் சேரமன்னன் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனைக்கு வந்தார். வீரமுரசை நீராட்டக் கொண்டுபோயிருந்தார்கள். பூப்பரப்பிய முரசுகட்டில் வெறுமையாக இருந்தது. அது என்னவென்று அறியாமல் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார். வாளால் வெட்டத்தக்க குற்றம் அது. மன்னனோ வெட்டவில்லை, எழுப்பவும் இல்லை. கவரி எடுத்து வீசினான். என் மாணவர்கள் எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். கவரி வீசியதைத்தான் அப்போதெல்லாம் விளக்கிச் சொன்னேன். அந்தக் கட்டில் வந்தவருக்காகச் செய்ததல்ல, அன்று காலியாக இருந்ததால் கிடைத்தது என்பதை நான் சொன்னதே இல்லை.

அரண்மனைக் கட்டில் எப்படி இருந்தது என்பதற்கு நெடுநல்வாடை சாட்சி. நாற்பது வயதான யானையின் தந்தத்தால் இழைத்த கட்டில், அன்னத்தின் தூவி அடைத்த மெத்தை என்று நக்கீரர் பாண்டிமாதேவியின் படுக்கையைச் சொல்கிறார். ஊர் ஜனங்களுக்குத் தரையும் பாயும்தான்.

நம் ஊரே விருந்தாளியால் பெயர் பெற்ற ஊர். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பணத்தோடு புறப்பட்ட வாதவூரர், வழியில் இந்தத் திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு, போன வேலையை மறந்து மாணிக்கவாசகர் ஆனார் என்பது வரலாறு. அவரைத் தேடி வந்த கூட்டம் இன்றுவரை நிற்கவில்லை. நான் சிறுமியாக இருந்தபோது ஆனி, மார்கழித் திருவிழா இரவுகளில் கோவில் மண்டபங்களில் வரிசை வரிசையாகப் படுத்திருப்பார்கள். தலைக்கு மேலே உலகமே வியக்கும் கல் கொடுங்கை, முதுகுக்குக் கீழே வெறும் கல். வெயில் காலத்தில் அந்தக் கல் தரும் குளிர்ச்சியை எந்த மெத்தையும் தராது. மார்கழியில் படுத்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

1974-இல் புதுக்கோட்டை மாவட்டம் பிறக்கும்வரை நாம் தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள். தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேஸ்வரம் போகும் பாதையில் கட்டிய சத்திரங்கள் ஒரத்தநாட்டிலிருந்து நம் பக்கத்து மணமேல்குடி, மீமிசல் வரை இருந்தன. இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சத்திரங்களைப் பற்றி விவரமாகச் சொல்கிறார். எந்தச் சாதியார் வந்தாலும் சோறு உண்டு. நள்ளிரவில் மணி அடித்து, சாப்பிடாதவர் யாராவது உண்டா என்று கூப்பிடுவார்கள். நோய்ப்பட்டால் வைத்தியம் உண்டு. கூரையும் சோறும் சத்திரத்தினுடையது. விரிப்பு பெரும்பாலும் அவரவருடையது.

இதற்கு நம் பேச்சே சாட்சி. 'பெட்டி படுக்கையோடு வந்துட்டான்' என்கிறோம். படுக்கையும் கூடவே பயணம் போன காலத்தின் மிச்சம் அந்தச் சொல். வெள்ளைக்காரன் காலத்து டிராவலர்ஸ் பங்களாக்களிலும் கட்டில் இருக்கும், மெத்தை விரிப்பை அதிகாரியே ஹோல்டாலில் சுருட்டிக் கொண்டுவருவார். என் அப்பா அறந்தாங்கியில் ரயில் ஏறும்போதெல்லாம் தோல்வார் போட்டுக் கட்டிய ஜமக்காளச் சுருட்டு ஒன்று அவர் தோளில் இருக்கும். அது பவானி ஜமக்காளம். ஆங்கிலேயர் ஆட்சியில் ஆலைத் துணி வந்து கைத்தறியை நசுக்கியபோது, அங்கத்து நெசவாளர்கள் தடித்த நூலில் பட்டை பட்டையாக வண்ணம் சேர்த்து நெய்து பிழைத்துக்கொண்ட விரிப்பு.

வீட்டில் பாய்தான் ராஜா. முசிறிப் பக்கத்துக் கோரைப்பாய் அன்றாடத்துக்கு, பத்தமடைப் பாய் கல்யாணத்துக்கு. கோரையை மெல்லிசாகக் கிழித்து, ஊறவைத்து, சாயமேற்றி நெய்த பத்தமடைப் பாய் பட்டுத்துணி போல மடியும். பாயின் பெருமை என்னவென்றால், காலையில் சுருட்டி மூலையில் சாத்தினால் படுக்கையறை மறுபடி கூடமாகிவிடும். பத்துப் பேர் வந்தாலும் பத்துப் பாய்தான் செலவு. ஜப்பான்காரர்களும் இதே யோசனையில் மெத்தையை மடித்துப் பகலில் அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். 1900-ஐ ஒட்டி சான் பிரான்சிஸ்கோவில் வில்லியம் மர்ஃபி என்பவர் சுவரோடு நிமிர்த்தி வைக்கும் கட்டிலை உருவாக்கியதும் இடம் போதாமல்தான்.

பாய் விரித்த இடத்தில் எல்லோரும் சமமாக இருந்தோமா? இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் சரித்திரம் ஆகாது. எங்கள் வீட்டில் ஆண் விருந்தாளிக்குத் திண்ணை, காற்று, கயிற்றுக் கட்டில். பெண்களுக்கு அடுக்களையை ஒட்டிய நடை, புழுக்கம். எங்கள் வயலில் உழைத்தவர்கள் அறுப்புக் காலத்தில் இரவு தங்கினால் அவர்களுக்குக் களத்துமேடுதான். திண்ணைகூட இல்லை. நெல்லைப் போட்டது அவர்கள், பாயை விரித்தது எங்களுக்கு. நான் சிறுமியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கேட்கவில்லை. இன்று எழுதுகிறேன்.

பிறகு நாடா கட்டில் வந்தது, இரும்பு மடக்குக் கட்டில் வந்தது, கடைசியாக சோபா கம் பெட். திண்ணைகளை இடித்துக் கார் நிறுத்துமிடம் கட்டினோம். விருந்தாளிக்கென்று இருந்த ஒரே இடம் போயிற்று.

இந்த வைகாசியில் மகனோடு கட்டில் பார்க்கப் புறப்பட்டேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேக்குக் கட்டில்கள் அழகுதான், ஆனால் ஏற ஸ்டூல் வேண்டும். புதுக் கடைகளில் பார்த்த மடக்குக் கட்டில்கள் பல முழங்காலுக்குக் கீழே இருந்தன. பாயிலிருந்து எழுவதற்கும் அதிலிருந்து எழுவதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. சோபா கம் பெட்டில் படுத்துப் பார்த்தேன். நடுவில் இருந்த கம்பி இடுப்பில் குத்தியது. அக்காவிடம் போனிலேயே முழங்கால் உயரத்தை அளக்கச் சொன்னேன். 17 அங்குலம். மெத்தையோடு சேர்த்து 18 அங்குல உயரம் வரும் ஒற்றைக் கட்டிலை வாங்கினேன். கையூன்றி எழ ஓரம் உறுதியாக இருக்கிறதா என்று பார்த்தேன். மெத்தை நாலு அங்குலம், அமுங்கி உள்ளே இழுக்காதது. கடைக்காரர் சிரித்தாலும் பரவாயில்லை என்று பத்து நிமிஷம் படுத்துப் புரண்டுதான் பணம் கொடுத்தேன்.

அது மடங்காது. கூடத்தில் இடத்தை அடைக்கிறது என்று மகன் சொன்னான். பகலில் விரிப்புப் போட்டு திவானாக வைத்திருக்கிறோம். பாத்ரூம் பக்கத்துச் சுவரில், கைக்கு எட்டும் தூரத்தில் ஸ்விட்ச். பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர்.

இவ்வளவு காலமும் விருந்தாளியின் படுக்கை என்றால் காலையில் கண்ணுக்குத் தெரியாமல் மறைய வேண்டும் என்பதையே முதல் இலக்கணமாக வைத்திருந்தோம். வருபவர்களும் இளம் வயதினர், இரவில் தானாக எழுவார்கள். இன்று நம் வீட்டுக்கு வந்து தங்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முழங்கால் தேய்ந்தவர்கள். அவர்களுக்குப் படுக்கை மென்மையாக இருந்தால் மட்டும் போதாது, யாரையும் கூப்பிடாமல் எழுந்து நிற்க விட வேண்டும். நம்மிடம் கேட்க அவர்கள் கூச்சப்படுவார்கள். பேசாமல் பஸ் ஏறிவிடுவார்கள்.

முதல் நாள் இரவு ஒரு மணிக்கு எனக்கு விழிப்பு வந்தது. கூடத்தில் ஸ்விட்ச் போடும் சத்தம், செருப்புச் சத்தம், திரும்பி வரும் சத்தம், விளக்கு அணையும் சத்தம். நான் எழுந்து போகவில்லை. ஐந்து நிமிஷத்தில் அக்காவின் குறட்டை கேட்டது.

உங்கள் வீட்டில் வயதானவர்கள் யாராவது 'தங்கலப்பா, சாயந்திரமே கிளம்பிடுறேன்' என்று சொன்னால், ஒருமுறை உங்கள் கட்டிலின் உயரத்தை அளந்து பாருங்கள். உங்கள் வீட்டுத் திண்ணை, பாய், கட்டில் கதைகளைக் கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தவும் செய்வேன்!

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
ஆவுடையார்கோவில்