சர்க்கரைப் பொட்டலம்

காலையில காபிக்குச் சர்க்கரை போடும்போது சில நாள் எனக்கு நெதர்லாந்து ஞாபகம் வரும். ஏன்னு கேக்கறீங்களா? சொல்றேன்.

1968-ல் புதுதில்லியில் ஐ.நா.வின் வர்த்தக, வளர்ச்சி மாநாடு நடந்தது. உதவிப் பணத்தை விட, எங்க சரக்கை நியாயமா விற்க வழி விடுங்க என்பதுதான் ஏழை நாடுகளின் கோரிக்கை. ஐரோப்பாவோ தன் பீட் கிழங்குச் சர்க்கரையைக் காப்பாற்ற, வெளியிலிருந்து வரும் கரும்புச் சர்க்கரைக்கு எக்கச்சக்கமா வரி போட்டிருந்தது.

அதே காலத்தில் டச்சு இளைஞர்கள் சிலர் கரும்புச் சர்க்கரையைப் பொட்டலம் கட்டி விற்கக் கிளம்பினார்கள். வாங்க வந்தவர்களிடம் இந்த வரிக் கதையையும் சொன்னார்கள். 1969-ல் பிரூக்கலன் என்ற ஊரில் முதல் 'உலகக் கடை' திறந்தது. அப்புறம் ஊருக்கு ஊர் கடைகள். 1988-ல் அங்கேயே 'மாக்ஸ் ஹாவலார்' முத்திரை வந்தது. மெக்சிகோவின் சிறு விவசாயிகள் விளைவித்த காபி சூப்பர் மார்க்கெட்டுக்கே போனது. ஜாவா விவசாயிகளை டச்சு ஆட்சி சுரண்டியதைச் சொன்ன 1860-ஆம் வருஷத்து நாவலின் பெயர் அது!

அந்தப் பொட்டலத்தால் வரி உடனே ஒழிஞ்சிடலை. ஆனா விளைவிச்சவனுக்கு என்ன கிடைச்சதுன்னு கடையில நின்னு கேக்கற பழக்கம் வந்தது. நான் இதுவரை ஒரு தடவைகூட கேட்டதில்லைங்க. நீங்க?