ஒலியைச் சேமித்த மனிதர்: பிரெட் கைஸ்பேர்க்கும் ஒலிப்பதிவின் வரலாறும்

காரைதீவு ஈன்ற விபுலானந்த அடிகள், வழக்கொழிந்துபோன யாழின் இசையை மீட்டெடுக்கும் பொருட்டுப் பல்லாண்டுகள் உழைத்தார். சிலப்பதிகாரத்தையும் அதன் உரையையும் துருவி ஆராய்ந்து, நரம்புகளின் நீளத்தையும் சுருதிகளின் அளவையும் கணக்கிட்டு அவர் ஆக்கிய 'யாழ் நூல்' 1947 ஆம் ஆண்டு அரங்கேறியது. அவ்வாண்டிலேயே அடிகளும் மறைந்தார். பேரறிஞர் ஒருவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டும் நமக்குக் கிடைத்தது யாழைப் பற்றிய கணக்கேயாம். பழந்தமிழ்ப் பாணனின் விரல் எழுப்பிய ஓசை மீளவில்லை. சொல் ஏட்டில் நின்றது. ஒலி காற்றோடு கலந்தது.

ஒலியையும் ஏட்டைப்போல் சேமித்து வைக்கலாம் என்ற நிலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றியது. அவ்வாறு சேமிக்கும் பணியைத் தொழிலாகக் கொண்ட முதல் தலைமுறையினருள் தலையாயவர் பிரெட் கைஸ்பேர்க். பாடகரின் பெயர் இசைத்தட்டில் பொறிக்கப்பட்டது; பதிவு செய்தவரின் பெயரோ பெரும்பாலும் மறக்கப்பட்டது. எனினும் எக்குரல் நிலைக்கும், எக்குரல் மறையும் என்பதைத் தீர்மானித்தோருள் அவரும் ஒருவர். அவருடைய வாழ்வையும் பணியையும் இவ்வகையில் நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கைஸ்பேர்க் 1873 ஆம் ஆண்டு அமெரிக்காவின் வொஷிங்டன் நகரிற் பிறந்தார். அதற்கு நான்காண்டுகளின் பின் எடிசன் உருளையில் ஒலியைப் பதியும் பொறியை உருவாக்கினார். 1887 இல் எமில் பேர்லினர் தட்டையான வட்டில் பதியும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஓர் உருளையைப் போல் மற்றொன்றை வார்ப்பது அக்காலத்தில் அரிதாயிருந்தது. வட்டிலிருந்தோ அச்சு ஒன்றை எடுத்து ஆயிரக்கணக்கான படிகளை அழுத்தி எடுக்கலாம். புத்தகத்துக்கு அச்சியந்திரம் செய்த உதவியை இசைக்கு இவ்வட்டுச் செய்தது எனலாம். பியானோ வாசிக்கும் இளைஞராக இத்தொழிலுள் நுழைந்த கைஸ்பேர்க் பேர்லினரிடம் பணி பயின்று, 1898 இல் இலண்டன் சென்று கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளரானார்.

அக்காலப் பதிவுமுறை இன்றைய மாணவர்க்கு வியப்பளிப்பதாகும். ஒலிவாங்கி இல்லை, மின்சாரமும் தேவைப்படவில்லை. பாடகர் ஒரு கூம்புக் குழலுக்கு நேரே நின்று பாடுவார். குழலின் மறுமுனையிலுள்ள மெல்லிய தகடு அதிர, அதனோடு இணைந்த ஊசி, சுழலும் மெழுகுத்தட்டிற் கோடு கீறும். உச்சத்தாயிக்குச் செல்கையில் பாடகரைக் குழலிலிருந்து சற்றே பின்னிழுக்கவும், தாழ்ந்த ஒலிக்கு முன்தள்ளவும் வேண்டும். தவறு நேர்ந்தால் திருத்த வழியில்லை. மெழுகை விடுத்து மறுபடியும் முதலிலிருந்தே பாடவேண்டும். ஆதலின் பொறியறிவும் இசையறிவும் ஒருங்கே வாய்த்தவரே இத்தொழிலில் நிலைக்க முடிந்தது.

1902 ஆம் ஆண்டு கைஸ்பேர்க்கின் வாழ்வில் திருப்பமாக அமைந்தது. அவ்வாண்டு ஏப்பிரல் மாதம் மிலான் நகர விடுதியொன்றின் அறையில் இத்தாலியப் பாடகர் என்றிக்கோ கரூசோவின் பத்துப் பாடல்களை அவர் பதிந்தார். பாடகர் கேட்ட நூறு பவுண் மிகை என்று கருதிய தலைமையகம் பதிவைத் தடைசெய்து தந்தி அனுப்பியதாகவும், அதனைப் பொருட்படுத்தாது தாம் பதிவைச் செய்துமுடித்ததாகவும் அவர் தம் நினைவுநூலிற் கூறுகின்றார். அத்தட்டுகள் கரூசோவுக்கு உலகப் புகழைத் தந்தன. விளையாட்டுப் பொருளாகக் கருதப்பட்ட கிராமபோனுக்கும் இசையுலகில் மதிப்பைத் தேடித் தந்தன.

அவ்வாண்டின் இறுதியிலேயே அவர் கீழைத்தேயப் பயணத்தை மேற்கொண்டு கல்கத்தாவை அடைந்தார். அங்கு வாழ்ந்த ஆங்கிலேயர் இந்திய இசையைப் பற்றி யாதும் அறியாதிருந்தமை அவருக்கு ஏமாற்றமளித்தது. நாடக அரங்குகளையும் செல்வர் இல்லங்களில் நடந்த இசைக் கூட்டங்களையும் தாமே நாடிச் சென்று பாடுவோரைக் கண்டறிந்தார். நவம்பர் மாதம் கௌஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகியின் குரல் பதிவாயிற்று. பாடலின் இறுதியில் அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கக் கூறுவதை இன்றும் அத்தட்டுகளிற் கேட்கலாம். மெழுகுத்தட்டுகள் ஜேர்மனியின் ஹனோவர் நகருக்கு அனுப்பப்பட்டே படியெடுக்கப்பட்டன. அங்குள்ள தொழிலாளர் பாடகியை இனங்காண இவ்வறிவிப்பு உதவியது. அத்தட்டுகளுக்கு வேண்டிய அரக்கின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே சென்றது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. மூலப்பொருளும் இசையும் கீழ்த்திசையினின்று சென்று, விற்பனைப் பண்டமாகி மீண்டன. கல்கத்தாவிலேயே தட்டு அழுத்தும் தொழிற்சாலை 1908 இல் தான் அமைந்தது.

இப்பதிவுகளால் விளைந்த மாற்றங்கள் இருவகைப்பட்டன. நெடுநேரம் விரித்துப் பாடப்பெற்ற இராகம் ஏறத்தாழ மூன்று நிமிடத்துள் அடங்கவேண்டியதாயிற்று. இது கலைக்கு நேர்ந்த குறுக்கம். மறுபுறத்தில், மதிப்புக்குரிய வித்துவான்கள் பலர் பொறியின்முன் பாடத் தயங்கிய வேளையில், பரம்பரைக் கலைமரபைச் சேர்ந்த பெண்கள் துணிந்து முன்வந்தனர். சமூகம் தாழ்த்தி நோக்கிய அப்பெண்களின் குரல்களே தென்னாசிய ஒலிப்பதிவு வரலாற்றின் தொடக்க ஏடுகளாக நிற்கின்றன. எழுதப்பட்ட வரலாறு அவர்களுக்கு மறுத்த இடத்தை மெழுகு அளித்தது.

1925 இல் ஒலிவாங்கி வழியான மின்பதிவு முறை வழக்குக்கு வந்தது. அவ்வாண்டு திசெம்பரிலேயே கொழும்பில் வானொலியும் முறையாகத் தொடங்கிற்று. அதற்கு முன்னர் எட்வேர்ட் ஹார்ப்பர் மத்திய தந்தி அலுவலகத்திலிருந்து நிகழ்த்திய பரீட்சார்த்த ஒலிபரப்பில் இசைத்தட்டுகளே ஒலித்தன. பதிவாளர் சேமித்த ஒலி, இவ்வாறு தட்டு வாங்க இயலாதோரின் செவியையும் எட்டலாயிற்று.

இக்காலத்தில் கைஸ்பேர்க், எதனை, யாரைக்கொண்டு, எங்கே பதிவது எனத் திட்டமிடும் தயாரிப்பாளராக உயர்ந்திருந்தார். முதிய எல்கர் இசைக்குழுவை நடத்த, பதினாறு வயது மெனூகின் வயலின் வாசித்த பதிவு 1932 இல் உருவாயிற்று. 1938 சனவரி 16 ஆம் நாள் வியன்னாவில் புரூனோ வால்ட்டர் நடத்திய மாலரின் ஒன்பதாம் சிம்பனியை அவர் அரங்கிலேயே பதிவுசெய்வித்தார். இரு மாதங்களுள் ஹிற்லரின் படை ஒஸ்திரியாவிற் புகுந்தது. யூதரான வால்ட்டர் அந்நாட்டை இழந்தார். இசைக்குழுவின் யூதக் கலைஞர்கள் வெளியேற்றப்பட்டனர். அக்குழு அவ்வாறு கூடியிருந்து இசைத்தது மறுபடி நிகழவில்லை. பதிவு இரண்டு மாதம் பிந்தியிருப்பின் உலகம் அதனைக் கேட்டிருக்காது. கைஸ்பேர்க் 1939 இல் ஓய்வுபெற்று 1951 இல் இலண்டனிற் காலமானார்.

அவர் வணிக நிறுவனமொன்றின் ஊழியர் என்பதை நாம் மறத்தலாகாது. விற்பனையாகும் குரலையே கம்பெனி நாடிற்று. பெருநகரங்களில் அது கிடைத்தது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எனத் தொடரும் எமது கரையோரக் கிராமங்களின் குரலைத் தேடி எந்தக் கம்பெனியும் மெழுகுத்தட்டோடு வரவில்லை. வயலிற் பிறந்த கவி, கரைவலை இழுப்போரின் அம்பா, றபான் ஒலியோடு எழும் பக்கீர் பைத், பொல்லடிப் பாட்டு, தாய்மாரின் தாலாட்டு ஆகியவை சந்தைக்கு வேண்டப்படாதவை. வி. சீ. கந்தையா, நிந்தவூர் எஸ். முத்துமீரான் முதலியோரின் உழைப்பால் கிழக்கின் நாட்டார் பாடல்கள் பல நூலேறின. அத்தொண்டுக்கு நாம் என்றும் கடமைப்பட்டுள்ளோம். ஆயினும் அச்செழுத்து இழுப்பையும் குழைவையும் மூச்சையும் தாங்காது. அறுவடை இயந்திரம் வந்தபின் வயலிற் பாடவேண்டிய தேவையும் அருகிற்று. 2004 திசெம்பர் 26 ஆம் நாள் எழுந்த கடலோ ஒரே காலைப்பொழுதில் இக்கரையின் முதியோர் பலரைக் கொண்டுபோயிற்று. அவர்கள் நெஞ்சிலிருந்த மெட்டுகளும் அவர்களோடு சென்றன.

கைஸ்பேர்க் கப்பலேற்றிச் சென்ற கருவிகளினும் சிறந்த கருவி இன்று ஒவ்வொரு மாணவனின் சட்டைப்பையிலும் உள்ளது. மெழுகு உருகும் என்ற அச்சமில்லை. மூன்று நிமிட எல்லையுமில்லை. இல்லாதது, அவரிடமிருந்த தேடிச் செல்லும் முனைப்பே. யார் பாடினார், எவ்வூரில், எந்நாளில், யாரிடம் கற்றார் என்ற குறிப்போடு ஒவ்வொரு குரலையும் பதிந்து பல்கலைக்கழக நூலகத்திற் சேர்ப்பது எமது தமிழ்ச் சங்கம் இவ்வாண்டிலேயே தொடங்கக்கூடிய பணியாகும். விபுலானந்த அடிகளுக்கு யாழின் ஓசையை விட்டுச்செல்ல எவருமிருக்கவில்லை. எமது பேரர்களுக்கும் கணக்கு மாத்திரமே எஞ்சுமாயின், கருவி இல்லாதிருந்தது என்ற நியாயத்தை நாம் கூறவியலாது.