வேலியில்லாத காணி: ஒரு மின்சார மென்பொருளின் கதை

உயரழுத்த மின்கம்பியில் மின்னல் விழுந்தால், அல்லது ஒரு பெரிய ஆளியைத் திடீரெண்டு மூடினால், கம்பியில ஒரு அலை எழும்பி ஓடும். கிட்டத்தட்ட ஒளியின் வேகம். 300 கிலோமீற்றர் நீளமான கம்பியின் மற்ற முனைக்குப் போய்ச்சேர அதுக்கு ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். அந்தக் கண்மூடி முழிக்கிற நேரத்துக்குள்ள மின்னழுத்தம் வழமையைவிட இரண்டு மூன்று மடங்கு ஏறலாம். மின்மாற்றி தாங்குமா தாங்காதா என்பதைக் கம்பி இழுக்க முதலே கணக்குப் பார்த்தாக வேண்டும்.

கணினிக்கு முந்திய காலத்தில் இதற்கு ஒரு அறையே தேவைப்பட்டது. சுருள்களையும் கொள்ளளவிகளையும் அடுக்கி, மின்வலையமைப்பை ஒரு விளையாட்டுச் சாமான் அளவுக்குச் சுருக்கிக் கட்டி, அதில ஆளியைப் போட்டுப் பார்ப்பார்கள்.

அந்த அறையைக் கணினிக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஹெர்மன் டொமெல் என்ற ஜேர்மன் பொறியியலாளர். மியூனிக்கில் தொடங்கிய வேலையை அமெரிக்காவின் பொன்வில் மின்சக்தி நிர்வாகத்தில் வளர்த்தார். அது கொலம்பியா ஆற்று அணைகளின் மின்சாரத்தை விற்கிற மத்திய அரச நிறுவனம். 1969இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் அடிப்படை, சொன்னால் எளிமையானது: நேரத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டு, ஒவ்வொரு துண்டிலும் சுருளையும் கொள்ளளவியையும் ஒரு தடையும் ஒரு மின்னோட்ட மூலமுமாக மாற்றி எழுது, விடையை எடுத்துக்கொண்டு அடுத்த துண்டுக்குப் போ. கலைப்பீடத்தில் படிக்கிற எனக்கே இவ்வளவு விளங்குகிறது எண்டால் பாருங்கோ.

அந்த மென்பொருளின் பெயர் இ.எம்.ரி.பி. அமெரிக்க மத்திய அரச ஊழியர் கடமையில் எழுதியதற்கு அங்கே பதிப்புரிமை கிடையாது. ஆகவே அது பொதுச்சொத்து. வேறு நாட்டு மின்சாரக்காரர்களும் பல்கலைக்கழகங்களும் எடுத்தார்கள், பாவித்தார்கள், திருத்தினார்கள். 1973இல் டொமெல் கனடாவுக்குப் பேராசிரியராகப் போன பிறகு, பொன்வில்லில் அதைப் பராமரித்தவர் ஸ்கொட் மேயர்.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்க, கனடிய மின்சார நிறுவனங்கள் சில சேர்ந்து, அபிவிருத்தியை ஒருங்கிணைக்க ஒரு குழு அமைத்தன. அமெரிக்க மின் நிறுவனங்களின் காசில் இயங்குகிற 'எப்ரி' என்ற ஆராய்ச்சி நிறுவனமும் கூடச் சேர்ந்தது. 1984 அளவில் இவர்கள் அதை வர்த்தகப் பொருளாக்க முயன்றார்கள். சட்டப்படி பிழையில்லை. பொதுச்சொத்து எண்டால் ஒரு நிபந்தனையும் இல்லை. ஆரும் எடுத்து, மேல ரெண்டு அறை கட்டி, கதவைப் பூட்டலாம். வேலியில்லாத காணிக்கு வந்த கதிதான்.

மேயரும் அவரோடு வேலை செய்த ட்சு-ஹுவெய் லியுவும் இதை ஏற்கவில்லை. லியு அந்தக் குழுவின் தலைவர் பதவியையே விட்டார். மேயர், பொதுச்சொத்தாக இருந்த பிரதியில் இருந்து, தன் சொந்த நேரத்தில் ஏ.ரி.பி. என்ற புது மென்பொருளைத் தொடங்கினார். அதற்குக் காசில்லை, ஆனால் உரிமப் பத்திரத்தில் ஒப்பமிட வேண்டும். நிபந்தனையைப் பாருங்கோ: இப்படியான மென்பொருளை விற்பதில், விற்க முயல்வதில் விரும்பிப் பங்கெடுத்தவருக்கு அந்த இலவசம் இல்லை. ஒரு கோபத்தை அப்படியே சட்ட மொழியில் எழுதி வைத்திருக்கிறார்கள்!

எனக்கு அந்தக் கோபம் பிடிக்கும். முடிவு பிடிக்கவில்லை. காணி பறிபோகாமல் இருக்க அவர்களும் வேலிதான் போட்டார்கள். ஏ.ரி.பி. இலவசம், ஆனால் மூலநிரல் எல்லாருக்கும் திறந்ததில்லை. கொப்பி பண்ணின மென்பொருளிலேயே வளர்ந்த எங்களுக்கு 'காசில்லை' என்பதும் 'திறந்தது' என்பதும் ஒண்டுபோலத்தான் தெரியும். ஆனால் உள்ளே என்ன கணக்கு நடக்கிறது என்று பார்க்க முடியாத ஆராய்ச்சியாளர் விடையை நம்பத்தான் வேண்டும், சரிபார்க்க முடியாது.

அதே 1984 ஜனவரியில், அந்த நாட்டின் மற்றக் கரையில், ரிச்சர்ட் ஸ்டோல்மன் எம்.ஐ.ரி. வேலையை விட்டு வெளியே வந்து குனு மென்பொருளை எழுதத் தொடங்கினார். அவருக்கும் இதே கவலைதான். ஆனால் அவர் கண்டுபிடித்த பூட்டு வேறு: எடு, திருத்து, விற்கவும் செய், ஆனால் அடுத்தவருக்கும் அதே உரிமையைக் கொடு. குனு பொது உரிமம் எழுத்தில் வர 1989 ஆனது. மேயருக்கு அது பிந்திப்போச்சு.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1997இல் ரொஜர் டுகனும் கூட்டாளிகளும் தொடங்கிய, ஊர்களுக்கு மின்சாரம் பகிர்கிற வலையமைப்பை ஆராயும் மென்பொருளொன்றை 2004இல் வாங்கியது எப்ரி. ஆம், அதே எப்ரி. 2008இல் அவர்களே அதை ஓப்பன்-டி.எஸ்.எஸ். என்ற பெயரில் மூலநிரலோடு திறந்துவிட்டார்கள். வீட்டுக் கூரைச் சூரியத்தகடு பற்றிய ஆய்வுகளில் இண்டைக்கு அடிக்கடி கண்ணில் படுகிற பெயர் அது.

டொமெலின் முறையும் சும்மா இருக்கவில்லை. ஜேர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவான டி.பி.சிம் என்ற மென்பொருள் திறந்த உரிமத்தில் இருக்கிறது. அதன் நிரலைத் திறந்தால், சுருளையும் கொள்ளளவியையும் ஒரு தடையாகவும் மூலமாகவும் மாற்றுகிற அந்த வரிகளை ஆரும் வாசிக்கலாம்.