ஒரு நட்சத்திரமும் உத்திரமேரூர் கல்வெட்டும்

எங்க காட்டுக் கடலை தாம்பரத்துக்குப் போகுது. சேலையூர் பக்கம் மரச்செக்கு வெச்சிருக்கிற அண்ணன் ஒருத்தர் பல வருஷமா எங்ககிட்டதான் எடுக்கிறார். போன மாசம் மூட்டை இறக்கப் போனப்ப மனுஷன் முகமே சரியில்லை. போனை நீட்டினார். கூகுளில் யாரோ ஒரு நட்சத்திரம் கொடுத்து, எண்ணெயில் கலப்படம், பாட்டில் அடியில் அழுக்குன்னு எழுதியிருந்தாங்க.

அது அழுக்கு இல்லைங்க, மண்டி. செக்கில் ஆட்டின எண்ணெயை வெயிலில் வெச்சுத் தெளிய விட்டாலும் கொஞ்சம் அடியில் தங்கும். அவர் கடைக்கு மொத்தமே ஆறு பேர் எழுதியிருக்காங்க. மத்த அஞ்சு பேரும் அஞ்சு நட்சத்திரம். இந்த ஒண்ணால 5 இருந்தது 4.3 ஆயிடுச்சு. ஆயிரம் பேர் எழுதின பெரிய கடையில் இதே ஒண்ணு விழுந்தா வெளியே தெரியவே தெரியாது.

எழுதினவரையும் குறை சொல்ல முடியலை. வேற எங்கயாவது கலப்படத்தில் ஏமாந்தவரா இருக்கலாம். ஆனா கடையில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

திரும்பி வரும்போது எங்க பக்கத்து உத்திரமேரூர் நினைவுக்கு வந்தது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கு, கி.பி. 919, 921. எல்லாரும் குடவோலையைத்தான் பேசுவாங்க. எனக்குப் பிடிச்சது அதில் வரும் பொன் வாரியம். பொன் விவகாரம் பார்த்த குழு. அதில் உட்கார 921 கல்வெட்டுப்படி வயசு 35-லிருந்து 70, வரி கட்டுற கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு வேணும். முன்னாடி வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் வர முடியாது, அவரோட நெருங்கின சொந்தமும் வர முடியாது. நிலமில்லாதவரை ஒதுக்கினதை நான் நியாயம்னு சொல்ல மாட்டேன். ஆனா அடுத்தவன் பொருளை எடை போடுறவனையும் அங்கே எடை போட்டாங்க.

2020 வரை நடைமுறையில் இருந்த 1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில்கூட புகார் வந்தா எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போச்சு, பதில் சொல்ல 30 நாள் இருந்தது. இணைய விமர்சனத்துக்குன்னு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில்தான் ஐ.எஸ். 19000 கொண்டுவந்தது. காசுக்கு எழுதுற விமர்சனத்தைப் போடக் கூடாது, எழுதுறவர் நிஜ ஆளான்னு சரிபார்க்கணும்னு அதில் இருக்கு. விருப்பப்பட்டவங்க பின்பற்றலாம்னுதான் வந்தது.

அன்னிக்குக் கிளம்புமுன் பதில் எழுதித் தரச் சொன்னார் அண்ணன். "மண்டின்னு போட்டா டவுன்காரங்களுக்குப் புரியுமா தம்பி?"ன்னு கேட்டார். விளக்கமாவே எழுதினோம். பாட்டிலோட வாங்க, உங்க கண் முன்னாடியே ஆட்டிக் காட்டுறேன்னும் சேர்த்தோம்.

இன்னும் அவர் வரலை.